'அப்பா சாம்பியன் சார், பேப்பர் இருக்கு!' - நாய்க்குட்டி விற்பவர்கள் சொல்லும் வார்த்தைகளுக்கு உண்மையான அர்த்தம் என்ன?

"அப்பா சாம்பியன் சார்... பேப்பர் ரெடி... ஷோ குவாலிட்டி குட்டி, அதான் இந்த விலை!" நாய்க்குட்டி வாங்கப் போன பலரும் கேட்டிருக்கும் வசனம் இது. கேட்க கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாமல் பணத்தைக் கொடுத்தால், நஷ்டம் பணத்தோடு நிற்காது. நோயோடு பிறந்த ஒரு ஜீவனை ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

அந்த வார்த்தைகளின் அர்த்தத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேப்பர் என்றால் என்ன?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா (கேசிஐ) வழங்கும் பதிவுச் சான்றிதழைத்தான் பொதுவாக 'பேப்பர்' என்கிறார்கள். குட்டியின் அப்பா-அம்மா, தாத்தா-பாட்டி, கொள்ளுத்தாத்தா-கொள்ளுப்பாட்டி என முந்தைய தலைமுறைகளின் பெயர்கள் அதில் இருக்கும். இந்த வம்சாவளிக்குப் பெயர்தான் 'பெடிகிரி'.

குட்டியின் தோலுக்கு அடியில் பொருத்தப்படும் மைக்ரோசிப்பின் எண்ணும், சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பேப்பர் அந்தக் குட்டியுடையதுதானா என்பதே சந்தேகம்.

முக்கியமான விஷயம், பேப்பர் என்பது பிறப்புக்கான சான்று மட்டுமே. ஆரோக்கியத்துக்கான சான்று அல்ல.

சயர், டேம், லிட்டர்

அப்பா நாய் 'சயர்'. அம்மா நாய் 'டேம்'. ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு 'லிட்டர்'. இனச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் ஆண் நாய் 'ஸ்டட்'. சில சமயம் ஸ்டட் நாயின் உரிமையாளர் பணம் வாங்காமல், லிட்டரில் தனக்குப் பிடித்த குட்டியை முதலில் எடுத்துக்கொள்வார். அதுதான் 'பிக் ஆஃப் த லிட்டர்'.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. நம்மூரில் இணை சேர்ப்பதையே 'கிராஸ் பண்றது' என்று சொல்வார்கள். ஆனால் 'கிராஸ் பிரீட்' என்றால் இரண்டு வேறு இனங்களுக்குப் பிறந்த கலப்புக் குட்டி என்று அர்த்தம்.

'லைன் பிரீடிங்' - இங்கேதான் சிக்கல்

அப்பா-மகள், அம்மா-மகன், அண்ணன்-தங்கை என நெருங்கிய ரத்த உறவில் இணை சேர்ப்பது 'இன்பிரீடிங்'. அதையே கொஞ்சம் தள்ளிய உறவில், ஒரு நல்ல மூதாதையின் குணங்களைத் தக்கவைக்கச் செய்தால் 'லைன் பிரீடிங்'. அதே இனத்தில் உறவே இல்லாத நாயோடு சேர்ப்பது 'அவுட்கிராஸ்'.

லைன் பிரீடிங்கும் இன்பிரீடிங்கின் மிதமான வடிவம்தான். அழகு, நிறம், உயரம் ஆகியவை தலைமுறைதோறும் மாறாமல் வரும். கூடவே மறைந்திருக்கும் பரம்பரை நோய்களும் வெளியே வரும். இதனால்தான் பிரிட்டன் கென்னல் கிளப், பெற்றோர்-பிள்ளை, உடன்பிறப்பு உறவில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதை 2009-ல் நிறுத்தியது.

நம் ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு என்பதுதான் அதன் அடையாளம். ஆனால் இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகளும் பிறக்கின்றன. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதின் வேலைக்கும் தேவை. அவை இல்லாமல் போனால் செவித்திறனும் போய்விடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை கைதட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஷோவில் என்ன பார்க்கிறார்கள்?

நாய் கண்காட்சி அழகிப் போட்டி மாதிரி தெரிந்தாலும், அங்கே நாய்கள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுவதில்லை. ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் 'பிரீட் ஸ்டாண்டர்ட்' உடன்தான் ஒப்பிடப்படுகின்றன.

* ஸ்டாக்: நடுவர் பார்ப்பதற்காக நாயை அசையாமல் நிற்க வைக்கும் நிலை.
* கெய்ட்: நாயின் நடை. எலும்பு, மூட்டு அமைப்பில் உள்ள குறை இதில் தெரிந்துவிடும்.
* பைட்: பற்கள் சேரும் விதம். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களின் மேல் ஒட்டினாற்போல் கத்தரி மாதிரி அமைந்தால் 'சிசர் பைட்'.
* பெஸ்ட் ஆஃப் பிரீட்: அந்த இனத்தில் முதலிடம். பெஸ்ட் இன் ஷோ: மொத்தக் கண்காட்சிக்கும் முதலிடம்.

ஒரே ஒரு கோப்பை வாங்கிவிட்டால் சாம்பியன் ஆகிவிட முடியாது. வெவ்வேறு நடுவர்களிடம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சான்றிதழ்கள் பெற்றால்தான் அந்தப் பட்டம். அதுவும் அந்த நாய்க்கு மட்டும்தான், குட்டிக்கு வராது. 'ஷோ குவாலிட்டி' என்பதும் விற்பவரின் கணிப்புதான். இரண்டு மாதக் குட்டி வளர்ந்து எப்படி நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

ஜெயித்த நாய் ஆரோக்கியமான நாயா?

அப்படிச் சொல்ல முடியாது. லண்டனில் 1891-ல் தொடங்கிய புகழ்பெற்ற 'கிரஃப்ட்ஸ்' கண்காட்சியில், 2012-ல் பிரச்னை அதிகமுள்ள 15 இனங்களின் வெற்றியாளர்களுக்கு கால்நடை மருத்துவர் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. புல்டாக், பெகினீஸ் உள்ளிட்ட 6 இனங்களின் வெற்றியாளர்கள் அதில் தேறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெண் நாய்க்கு 18 மாதம் நிறைந்த பிறகே இணை சேர்க்க வேண்டும். வாழ்நாளில் 5 பிரசவத்துக்கு மேல் கூடாது.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

* குட்டியின் அம்மா நாயை நேரில் பார்க்க முடியுமா?
* அது எத்தனையாவது பிரசவம்?
* வாரியத்தின் பதிவுச் சான்று எங்கே?
* பெடிகிரியில் ஒரே பெயர் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வருகிறதா?
* லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் பெற்றோருக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா?
* ராஜபாளையம் என்றால் செவித்திறன் சோதிக்கப்பட்டதா?

நல்ல பிரீடர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதிலுக்கு உங்களையே நாலு கேள்வி கேட்பார். பதில் சொல்லாமல் "சாம்பியன் லைன் சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால், பர்ஸை எடுக்காமல் திரும்பி வந்துவிடுவதே நல்லது.