சைக்கிள் டயரை நாமே சோதிக்கலாம்

மயிலாப்பூர், தி. நகர் சந்துகளில் நம் மளிகைச் சரக்கு பல வீடுகளுக்கு இன்றும் சைக்கிளில்தான் போகிறது. தார் போடுவதற்காகச் சுரண்டிய தெருவில் டயர் கிழிந்தால் எண்ணெய் டின்னும் போச்சு, வாடிக்கையும் போச்சு.

அளவு 28 x 1½ என்று ஒன்றாக இருந்தாலும் எல்லா டயரும் ஒன்றல்ல. ஐ.எஸ். 2414 முத்திரை பார்த்து வாங்குவது முதல் படி. பிறகு நாங்கள் செய்வது இது: அதே வண்டி, அதே ஆள், அதே 25 கிலோ மூட்டை, அதே காற்று. விடியற்காலையில் சற்றே இறக்கமான தெருவில் மிதிக்காமல் உருளவிட்டு, நிற்குமிடத்தைச் சாக்பீஸால் குறிக்கிறோம். மூன்று முறை. தூரம் போகிற டயர் பையன்களின் கால்வலியைக் குறைக்கும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது தெரிவதில்லை.

ஜல்லித் தெருவிலும் பாருங்கள். கல்லாய்க் காற்றடித்த டயர் அங்கே துள்ளி வேகமிழக்கும். சற்றுக் குறைத்தால் நன்றாக ஓடும். மிகவும் குறைத்தாலோ, பள்ளத்தில் ரிம் அடித்து ட்யூப் இரண்டு இடத்தில் கிழியும்.