டிஜிட்டல் தொலைபேசிப் பெருந்தடம்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

தொழினுட்பம் பற்றி எழுதுவோர் அதனைச் சமூகத்திலிருந்து பிரித்து நோக்குவதும், சமூகம் பற்றி எழுதுவோர் தொழினுட்பத்தை அத்துறையினரிடமே விட்டுவிடுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. இவ்விரு போக்குகளும் குறையுடையன. ஓர் அலுவலகத்தின் தொலைபேசிப் பெட்டியில் ஒருமுறை எழுதிவைக்கப்படும் சில அமைவுகள், யாருடைய அழைப்பு ஏற்கப்படும், எம்மொழியில் ஏற்கப்படும் என்பதனையும் தீர்மானிக்கின்றன. இதனைப் பதுளையையும் ஊவா மாகாணத் தோட்டப்புறத்தையும் முன்வைத்து விளக்குவதே நமது நோக்கமாகும்.

1. பின்னணி

புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை வந்தடைந்தது. தேயிலை கீழிறங்குவதற்கு வழி பிறந்தது. தொழிலாளரின் குரல் வெளிச்செல்வதற்கு அத்தகைய வழி பிறக்கவில்லை. தொலைபேசி துரையின் பங்களாவிலும் தோட்டக் காரியாலயத்திலும் இருந்தது; லயத்தில் இருக்கவில்லை. கடிதங்கூடக் காரியாலயத்தின் கைவழியே தொழிலாளியைச் சென்றடைந்தது.

1989இல் இலங்கையிற் செல்லிடத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அரச திணைக்களமாயிருந்த தொலைத்தொடர்புத் துறை 1991இற் கூட்டுத்தாபனமாகவும் 1996இற் கம்பனியாகவும் மாற்றப்பட்டது. 1997இல் அதன் பங்குகளில் 35 சதவீதம் ஜப்பானிய நிறுவனமான என்.ரி.ரி.யிடம் சென்றது. இம்மாற்றங்கள் எவருடைய நலனை முன்னிறுத்தின என்பது தனியாக ஆராயத்தக்கது. ஆயினும் செல்லிடத் தொலைபேசி காலப்போக்கில் லயத்தையும் எட்டியது. பசறையிலோ நமுனுகுலையிலோ கொழுந்து பறிக்கும் ஒருவர் இன்று நேரே பதுளையை அழைக்கலாம். எனவே வினா மறுமுனைக்கு இடம்பெயர்ந்துள்ளது: அழைக்கப்படும் அலுவலகம் அவ்வழைப்பை ஏற்க ஆயத்தமாக உள்ளதா?

2. முப்பது வழிகள்

குரலை எண்களாக மாற்றும் முறையை 1937இல் அலெக் ரீவ்ஸ் என்பார் வகுத்தார். குரலலை ஒரு வினாடியில் 8,000 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிற்றுகளாக எழுதப்படுகிறது. ஆகவே ஒரு குரலுக்கு வினாடிக்கு 64,000 பிற்றுகள் தேவை. இத்தகைய 32 கூறுகளை ஒரே தடத்தில் அடுக்குவதே ஈ-1 எனப்படும் பெருந்தடம். இதன் வேகம் வினாடிக்கு 20,48,000 பிற்றுகள்.

இதனை 32 பெட்டிகள் கொண்ட புகையிரதமாகக் கருதலாம். அது வினாடிக்கு 8,000 தடவை புறப்படுகிறது. ஒவ்வோர் உரையாடலுக்கும் ஒரு பெட்டி உரியது. முதலாவதான 0ஆம் பெட்டி, வண்டி எங்குத் தொடங்குகிறது என்பதனை அடையாளங்காட்டுகிறது. 16ஆம் பெட்டி, அழைப்பு வந்தது, ஏற்கப்பட்டது, முடிந்தது முதலிய சைகைகளைச் சுமக்கிறது. எஞ்சிய 30 பெட்டிகளே மனிதக் குரலுக்குரியன. குரல் நுழைவாயில் எனப்படும் கருவி இப்பெருந்தடத்தை ஒருபுறமும் அலுவலகத்தின் கணினி வலையமைப்பை மறுபுறமுங் கொண்டு இரண்டுக்குமிடையே மொழிபெயர்க்கிறது.

3. அமைவுகள்

முதலில் தடத்தின் வகையைக் கருவிக்கு அறிவித்தல் வேண்டும். வட அமெரிக்காவில் வழங்கும் ரி-1 முறை 24 வழிகளையே உடையது. இலங்கையில் வழங்குவது ஈ-1. அதற்கேற்ப எச்.டி.பி.-3 என்னும் குறியீட்டு முறையும், சி.ஆர்.சி.-4 என்னும் பிழைச் சோதனையும், குரலளவைக்கு ஏ-விதியும் பொதுவாகத் தெரியப்படும். இவை தொலைபேசி நிலையம் கூறுவதோடு ஒத்திருத்தல் வேண்டும். ஏ-விதிக்குப் பதிலாக அமெரிக்க மியூ-விதி குறிக்கப்பட்டால் இணைப்புக் கிடைக்கும். ஆனாற் குரல் கரகரத்துத் திரிபடையும்.

அடுத்தது கடிகாரம். இரு முனைகளும் ஒரே தாளத்தில் இயங்குதல் வேண்டும். தோட்டத்தில் ஒரு பெரட்டுத் தப்பே எல்லா லயங்களையும் எழுப்புவது போல, தொலைபேசி நிலையத்தின் கடிகாரத்தையே நுழைவாயில் பின்பற்ற வேண்டும். அது தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுமாயின் அவ்வப்போது ஒரு சட்டகம் வழுவும், பேச்சிற் சிறு சொடுக்கொலி கேட்கும், தொலைநகல் பழுதாகும். பழுது தொடர்ச்சியாக வெளிப்படாமையால் இதன் காரணத்தைக் காண்பது கடினம்.

ஐ.எஸ்.டி.என். சைகை முறையில், நிலையம் வலையமைப்புப் பக்கமாகவும் நுழைவாயில் பயனர் பக்கமாகவும் குறிக்கப்படல் வேண்டும். இஃது பிழைத்தால் முப்பது வழிகளும் ஒருசேர ஊமையாகிவிடும்.

4. யாருக்கு எத்தனை வழி?

மேற்கூறியவற்றுக்குச் சரியான விடை ஒன்றே உண்டு. இனி வருவன அத்தகையன அல்ல. இங்கு ஒருவர் தெரிவு செய்கிறார்.

30 வழிகளையும் உள்வரும் அழைப்புக்கும் வெளிச்செல்லும் அழைப்புக்கும் பொதுவில் விடலாம், அல்லது பங்கிடலாம். பொதுவில் விடும்போது அலுவலகத்தார் தாமே பேசிக்கொண்டிருக்கும் வழிகள் மக்களுக்கு எஞ்சுவதில்லை. வெளிச்செல்வதற்கு ஓர் உச்சவரம்பு விதித்து, உள்வருவதற்கு ஒரு பகுதியை ஒதுக்கிவைப்பதே மக்கட் சேவை அலுவலகத்துக்குப் பொருந்தும்.

டென்மார்க்குக் கணிதவியலாளர் ஏ. கே. ஏர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரத்தை இங்குப் பயன்படுத்தலாம். முப்பது வழிகளும் உள்வரும் அழைப்புக்கே கிடைப்பதாகவும், ஓர் அழைப்புச் சராசரியாக மூன்று நிமிடம் நீடிப்பதாகவுங் கொள்வோம். மணிக்கு 400 அழைப்புகள் வந்தால் நூற்றில் ஒன்றளவே வழியின்றித் திரும்பும். அழைப்புகள் இருமடங்காகி 800 ஆனால் திரும்புவன இருமடங்காவதில்லை. நூற்றில் ஏறத்தாழ முப்பதாகின்றன. திரும்பியவர் மீண்டும் மீண்டும் அழைப்பராதலின் உண்மை நிலை இதனினும் கடுமையாகும். சாதாரண நாளிற் போதுமானதாகத் தோன்றும் அமைவு மழைநாளிற் குலைவது இதனாலேயே.

திரும்பிய அழைப்புக்கு என்ன காரணங் கூறப்படுகிறது என்பதும் ஓர் அமைவே. சைகை முறையில் 17 என்பது மறுமுனை பேசிக்கொண்டிருப்பதையும், 34 என்பது வழி ஒழிவின்மையையும், 1 என்பது அவ்விலக்கம் எவருக்கும் வழங்கப்படாமையையுங் குறிக்கும். 34ஐ 1 என மாற்றியனுப்பும் நுழைவாயில், அழைத்தவரைத் தம் இலக்கம் பிழையென நம்பவைக்கிறது. அவர் மறுபடி முயலமாட்டார்.

5. இரண்டாம் இலக்கம்

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. பதுளை மாவட்டத்திற் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளன. தமிழுக்கு இலக்கம் 2ஐ அழுத்துமாறு ஒரு பதிவுக்குரல் கூறுவதாகக் கொள்வோம். அழுத்தும்போது எழும் இரட்டையொலி, ஜி.729 போன்ற சுருக்க முறையில் அனுப்பப்பட்டால் சிதையக்கூடும். அதனைக் குரலோடு கலவாது தனிச் செய்தியாக அனுப்பும் அமைவு உண்டு. அது செய்யப்படாவிடின் இயந்திரம் 2ஐக் கேட்காது. அழைத்தவரை இயல்புநிலை வழியில் தள்ளிவிடும். அவ்வியல்புநிலை எம்மொழி? யாப்பு வழங்கிய உரிமை, நுழைவாயிலின் ஒரு வரியில் இல்லாதொழிகிறது; எவரும் அதனை மறுத்ததாகப் பதிவும் இராது.

அழைத்தவரின் இலக்கமும் இத்தகையதே. பதுளையின் பிரதேசக் குறியீடு 055. நிலையம் முன்னுள்ள 0ஐ நீக்கி அனுப்பும்போது நுழைவாயில் அதனை மீளச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அன்றேல் அவ்விலக்கத்தைத் திருப்பி அழைக்க இயலாது. கையிருப்புக் குறைந்து ஒரு மிஸ்ட் கோல் மட்டுங் கொடுக்கும் தொழிலாளிக்கு இஃது அற்பமான விடயமன்று.

6. முடிவாக

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அவ்விடத்தின் ஆபத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் கொடிய மண்சரிவுகளைக் கண்டது. எந்த நுழைவாயிலும் மலையைத் தாங்கிநிற்காது. கோபுரம் மின்னிழந்தபின் அமைவுகளாற் பயனுமில்லை. பாதுகாப்பான நிலமும் வீடுமே அடிப்படைக் கோரிக்கைகள். எனினும் மீரியபெத்தை ஒன்றை உணர்த்துகிறது: செய்தி இருப்பது வேறு, அது ஏற்கப்பட்டுச் செயலாவது வேறு.

பெருந்தடங்கள் பல இன்று இணையவழி முறைக்கு இடங்கொடுத்து வருகின்றன. முப்பது என்ற எல்லை மறையலாம். ஒதுக்கீடு, காரணங் கூறல், மொழியின் இயல்புநிலை ஆகிய தெரிவுகள் மறையா. ஆதலால் மக்கட் சேவை அலுவலகங்களின் தொலைபேசி அமைவுகள் எழுத்தில் வெளியிடப்படல் வேண்டும்; மழைக்காலத்துக்கு முன்னர், தோட்டத்திலிருந்து தமிழில் அழைத்துச் சோதிக்கப்படல் வேண்டும். அச்சோதனையைத் தொழினுட்பவியலாளர் மட்டுமன்றி, அவ்வழைப்பை மெய்யாகவே எடுக்கவேண்டிய தொழிலாளரும் உடனிருந்து நடத்துதல் முறையாகும்.