நச்சுத் தவளையின் இல்லறம்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம், கொலம்பியா நாட்டின் மழைக்காடுகளில் எம்பெரா என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். ஊதுகுழல் வழியே சிறு அம்புகளைச் செலுத்தி வேட்டையாடுவது அவர்தம் பண்டைய வழக்கம். அம்பின் முனையை உயிருள்ள ஒரு தவளையின் முதுகில் தேய்த்து எடுப்பர், அவ்வளவே. ஓராண்டு கழிந்த பின்னும் அந்த அம்பு கொல்லும் வலிமையை இழப்பதில்லை. பொன்னிறத்தில் மின்னும் அத்தவளையின் நீளம் ஏறத்தாழ இரண்டு அங்குலம். அதன் தோலில் ஊறியிருக்கும் நஞ்சோ பத்து மனிதரை மாய்க்கப் போதுமென்று கணக்கிட்டுள்ளனர். 1978 ஆம் ஆண்டில் இந்த இனத்தை அறிவியல் உலகிற்கு அறிவித்தவர்கள், அதற்குச் சூட்டிய இலத்தீன் பெயரிலேயே ‘பயங்கரமானது’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டனர்.

இத்தகைய தவளையை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் தம் வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கின்றனர் என்றால் நம் வாசகர்கள் திடுக்கிடக் கூடும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இது தகுமா என்று தாய்மார்கள் கேட்பதும் நியாயமே. ஆனால் அத்தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த தவளையின் உடலில் நஞ்சு கிடையாது.

காரணம் எளியது. இத்தவளை தன் நஞ்சைத் தானே உண்டாக்கிக் கொள்வதில்லை. காட்டில் உதிர்ந்து மட்கும் இலைகளுக்கிடையே ஊரும் சிறு பூச்சிகளைத் தின்று, அவற்றிலுள்ள நச்சுப் பொருள்களைத் தன் தோலில் சேமித்து வைக்கிறது. 1932 இல் கொசுக்களை ஒழிக்கும் நோக்குடன் பச்சையும் கருப்பும் கலந்த ஓர் இனத்தைப் பனாமாவிலிருந்து ஹவாய்த் தீவிற்குக் கொண்டு சென்றனர். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அவ்வினத்தின் குஞ்சுகளைப் பழ ஈக்களை மட்டும் கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது, அவற்றின் தோலில் நஞ்சே காணப்படவில்லை. ஹவாய் மண்ணின் பூச்சிகளை உண்டு வளர்ந்தவற்றில் நஞ்சு சேர்ந்திருந்தது. எனவே நச்சுத் தவளை வளர்ப்பதாகப் பெருமை பேசுவோர் உண்மையில் வளர்ப்பது நஞ்சற்ற தவளையையே! காட்டில் பிடிக்கப்பட்டதன் செய்தி வேறு. அதன் நஞ்சு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

நஞ்சு போனாலும் குணம் போவதில்லை. நம் ஊர்த் தவளைகள் பகலில் ஒளிந்து இரவில் வெளிப்படும். இவையோ பட்டப்பகலில், நீலமும் மஞ்சளும் சிவப்புமாக, யாருக்கும் அஞ்சாமல் உலவுகின்றன. பொன்னிறத் தவளை எல்லாவற்றிலும் துணிச்சல் மிக்கது. தொட்டியின் அருகே ஆள் வந்தால் உணவு வருகிறதென்று முன்னே வந்து நிற்கும். கூட்டமாக வாழவும் அது தயங்குவதில்லை. மேற்சொன்ன பச்சைக் கருப்பு இனமோ கூச்சம் மிக்கது. வாங்கியவர் பல நாள் வெறுந்தொட்டியையே பார்த்துக் கொண்டிருக்க நேரும். சூரினாம், கயானாப் பகுதிகளில் வாழும் ‘டிங்டோரியஸ்’ என்னும் பெரிய இனத்தில் பெண்கள் ஒன்றையொன்று பொறுப்பதில்லை. ஒன்று மற்றொன்றின் முதுகில் ஏறி அழுத்திக் கொண்டிருப்பதைக் கண்டு, விளையாட்டென்று மகிழ்வோர் உண்டு. அது விளையாட்டன்று, தோற்ற தவளை உண்ணாமல் மெலிந்து இறந்தும் போகும். ஒரு பெண் இட்ட முட்டையை இன்னொரு பெண் தின்று தீர்ப்பதும் உண்டு. ஆகவே அவ்வினத்தை ஆணும் பெண்ணுமாக ஒரே இணையாக வைப்பதே அறிந்தோர் வழக்கம். ஆணின் முன்விரல் நுனிகள் பெண்ணினுடையவற்றைவிட அகன்றிருக்கும் என்பது அடையாளம்.

வளர்க்கும் முறையில் நமக்குப் பழக்கமான பொருள் ஒன்றும் இடம்பெறுகிறது. பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, ஓரத்தில் வாயில் போல் உடைத்து, அதனடியில் வழவழப்பான சிறு தட்டு ஒன்றை வைக்கின்றனர். இருளும் ஈரமும் சேர்ந்த அந்தக் குடிலுக்குள் ஆண் மெல்லக் குரலெழுப்பிப் பெண்ணை அழைத்துச் செல்ல, பெண் தட்டின்மேல் சில முட்டைகளை இடுகிறது. தொட்டியின் வெப்பம் 22 முதல் 27 பாகை வரை இருக்க வேண்டும். 30 பாகையைத் தாண்டினாலே ஆபத்து. நம் சித்திரை வெயிலை இவை ஒரு நாளும் தாங்கமாட்டா. பழ ஈக்களின் மேல் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் கலந்த பொடியைத் தூவிக் கொடுக்கின்றனர். பெற்றோருக்கு ஊட்டம் குறைந்தால், குஞ்சுகள் தீக்குச்சி போன்ற முன்னங்கால்களுடன் வளர்ந்து, நிற்கவும் இயலாமல் மடிவதுண்டு.

காட்டில் டிங்டோரியஸ் இனத்தின் தந்தையே முட்டைகளைக் கவனித்து, பொரிந்த தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து, மரப்பொந்துகளில் தேங்கிய நீரில் கொண்டுபோய் விடும். ஒன்றாக விட்டால் பெரியது சிறியதைத் தின்றுவிடும். தொட்டி வளர்ப்பாளர்கள் முட்டைகளை எடுத்து, பொரிந்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்திலிட்டு, மீனுக்கிடும் தீனியைத் தூவியே வளர்த்துவிடுகின்றனர். இரண்டு மூன்று மாதங்களில் தவளைக் குட்டி தயார். தாயும் தேவையில்லை, தந்தையும் தேவையில்லை.

ஆனால் பெற்றோரின்றி வளரவே இயலாத இனங்களும் உண்டு. கோஸ்டாரிகா, பனாமா நாடுகளில் வாழும் சிறு சிவப்புத் தவளையின் தாய், தன் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து மரமேறுகிறது. அங்கே அன்னாசி இனத்தைச் சேர்ந்த செடிகளின் இலையிடுக்குகளில் சில கரண்டித் தண்ணீர் தேங்கி நிற்கும். ஓர் இடுக்கில் ஒரு பிள்ளை என்ற கணக்கில் விட்டுச் செல்கிறது. அந்நீரில் உணவேதும் இல்லை. ஆதலால் சில நாட்களுக்கு ஒரு முறை தாய் ஒவ்வோர் இடுக்காகத் திரும்பி வருகிறது. வந்ததும் தலைப்பிரட்டை உடலை நடுக்கி அசைகிறது. பசிக்கிறது என்பது அதன் பொருள். தாய் கருவுறாத முட்டைகளை நீரில் இட்டுச் செல்ல, பிள்ளை அதையே உண்டு வாழ்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் வரை இப்படி நடக்கிறது. அந்த முட்டையுடன் தாய் தன் நஞ்சிலும் ஒரு பங்கைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது என்பதை 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்னும் பூச்சி பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதுவே தற்காப்பு.

பெரு நாட்டில் கட்டைவிரல் நகமளவான ஓரினத்தில் இருவரும் சேர்ந்தே பிள்ளை வளர்க்கின்றனர். தலைப்பிரட்டை பசித்திருப்பதை அறிந்த தந்தை, குரல் கொடுத்துத் தாயை அந்த நீர் இடுக்கிற்கு அழைத்து வருகிறது. தாய் முட்டையிட்டு ஊட்டுகிறது. இவற்றின் மரபணுக்களைச் சோதித்த ஆய்வாளர்கள், 12 குடும்பங்களில் 11 இல் இணை பிறழாத வாழ்வைக் கண்டு 2010 இல் வெளியிட்டனர். நெருங்கிய உறவினமான மற்றொன்று பெரிய நீர்நிலைகளைப் பயன்படுத்துகிறது. அங்கே பிள்ளைக்கு உணவு தானே கிடைப்பதால் தந்தை மட்டும் போதும். அங்கு நிலையான இணையும் இல்லை. சிறிய நீரிடுக்கின் வறுமையே தாய்தந்தையரைப் பிரியாமல் கட்டி வைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இனி வருந்தத்தக்க செய்திக்கு வருவோம். தாய் ஊட்டியே வளர வேண்டிய இனங்களில் லெமான் தவளை ஒன்று. கொலம்பியாவின் அஞ்சிக்கயா பள்ளத்தாக்கில், சிறு பகுதியில் மட்டும் வாழும் இது அழிவின் விளிம்பில் உள்ளது. கிண்ணத்தில் தீனி தூவி இதனைப் பெருக்க இயலாது. ஒரு தாய் வளர்த்துத் தரும் குஞ்சுகளோ மிகச் சிலவே. ஆகவே விலை ஏறுகிறது. விலை ஏறியதும் திருடர் காட்டுக்குள் புகுகின்றனர். பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாடு 1987 முதலே நடைமுறையில் உள்ளது. எனினும் 2019 ஏப்ரலில் பொகோட்டா விமான நிலையத்தின் கழிவறையில் கைவிடப்பட்ட பைகளில் 424 நச்சுத் தவளைகள் கண்டெடுக்கப்பட்டன. 2024 ஜனவரியில் அதே நிலையத்தில் ஒரு பெண்ணிடம் 130 தவளைகள் பிடிபட்டன. இரு முறையும் அவற்றை அடைத்திருந்தவை புகைப்படச் சுருள் வைக்கும் சிறு டப்பிகள். இதே டப்பிகளைத்தான் சிறிய இனங்கள் முட்டையிடுவதற்கென்று வளர்ப்போர் தொட்டிக்குள் ஒட்டி வைக்கின்றனர்!

கொலம்பியாவிலேயே ‘டெசோரோஸ் தெ கொலம்பியா’ என்னும் நிறுவனம், அரசின் அனுமதியுடன் இந்த அரிய இனங்களைத் தொட்டிகளில் பெருக்கி வெளிநாட்டு வளர்ப்பாளர்களுக்கு விற்கிறது. முறையாகப் பிறந்த தவளை நியாய விலைக்குக் கிடைத்தால் திருட்டுத் தவளையை வாங்குவார் குறைவர் என்பது அவர்கள் எண்ணம். நமக்கும் இது சரியாகவே தோன்றுகிறது. ஆயினும் அங்கும் தாய்க்கு மாற்றில்லை. ஒவ்வொரு தலைப்பிரட்டையும் அதன் தாய் வந்து முட்டையிட்டு ஊட்டும் வரை நீரில் காத்திருக்கிறது. வாங்க விரும்புவோரும் காத்திருக்கத்தான் வேண்டும்.