கணினியில் பொங்கல் வாழ்த்து அட்டை: ஸ்க்ரீனில் பளிச், பிரின்ட்டில் சொதப்பல்... ஏன்?

தை பிறக்கப் போகிறது என்றால், ஒரு காலத்தில் கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பு, மாடு, சாமி படம், சினிமா ஸ்டார் என வகை வகையாக இருக்கும். இப்போது அந்த இடத்தில் வாட்ஸ்அப் ஃபார்வர்டு. ஒரே படம் பத்து பேரிடமிருந்து வரும். பார்த்த கையோடு டெலிட் ஆகும்.

ஊரில் இருக்கும் ஆச்சிக்கு, அவர் பெயர் போட்டு, குடும்பப் படம் வைத்து ஓர் அட்டை தபாலில் போனால் கதையே வேறு. கணினியில் ஒரே மாலையில் அதைச் செய்துவிடலாம். ஆனால், ஸ்க்ரீனில் அழகாக இருந்த அட்டை பிரின்ட் ஆகும்போது படம் மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, கடைசியில் ஆச்சியின் பெயரே உடைந்து வரலாம். எங்கே சொதப்புகிறது?

டெம்ப்ளேட்டுக்கு முன் அளவு

கேன்வா, இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபிஸ் என எதில் செய்தாலும், முதல் வேலை அளவைத் தீர்மானிப்பதுதான். ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து நடுவில் மடித்தால் 148 x 210 மி.மீ. அட்டை கிடைக்கும். வலது பாதி முன்பக்கம், இடது பாதி பின்பக்கம். இரு பக்கமும் பிரின்ட் எடுக்கும்போது ‘ஷார்ட் எட்ஜ்’ ஆப்ஷனைத் தேர்வு செய்யணும். இல்லையென்றால் உள்பக்கம் தலைகீழாக வரும்.

வீட்டு பிரின்டர்கள் பெரும்பாலும் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விட்டுத்தான் அச்சடிக்கும். அதனால் வெள்ளை பார்டர் வைத்தே டிசைன் செய்வது நல்லது. கடையில் கொடுப்பதாக இருந்தால், பின்னணி நிறத்தை நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நீட்டுங்கள். இதைத்தான் பிரஸ்காரர்கள் ‘ப்ளீட்’ என்கிறார்கள். பெயரும் முகமும் ஓரத்தை ஒட்டி இருக்கக் கூடாது.

படம் ஏன் மங்குது?

நல்ல பிரின்ட்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். முன்பக்கம் முழுக்க ஒரே படம் என்றால், சுமார் 1748 x 2480 பிக்சல். குடும்ப குரூப்பில் வந்த படம் தரம் குறைந்து வந்ததாக இருக்கும். எடுத்தவரிடமே கேட்டு, ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பழைய கல்யாண ஆல்பம் படமா? 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால், இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் தாங்கும்.

நிறமும் ஏமாற்றும். ஸ்க்ரீன் காட்டுவது ஒளி. தாளில் விழுவது மை. பளீர் பச்சையும் நீலமும் கொஞ்சம் டல் அடிக்கும். ஒரு காப்பி எடுத்துப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.

பெயர் ஏன் உடையுது?

‘கோமதி’ என்ற பெயரில் ‘கோ’வின் ஓகாரக் குறி இரண்டாகப் பிரிந்து, ‘க’வுக்கு இரு பக்கமும் உட்காரணும். தமிழ் எழுத்து அமைப்பு தெரியாத சாஃப்ட்வேர் அதைத் தப்பான இடத்தில் போட்டுவிடும். இன்னொரு சிக்கல் பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

தீர்வு எளிது. யூனிகோடில் டைப் செய்யுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கவிவனார் எல்லாம் இலவசம். கடைக்கு பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். அதற்கு முன் அதை வேறொரு போனில் திறந்து, பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். வயதானவர்களுக்கு என்றால் எழுத்து பெரிதாகவே இருக்கட்டும்.

முப்பது பேருக்கு முப்பது அட்டையா?

1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியை வைத்து ஒரு கிறிஸ்துமஸ் அட்டை அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என அதைச் சொல்கிறார்கள். பெறுபவர் பெயரை எழுத அதிலேயே இடம் விட்டிருந்தார்கள்.

அந்த இடத்தை இன்று ‘மெயில் மெர்ஜ்’ நிரப்பிவிடும். எக்செல் ஷீட்டில் மூன்று காலம் போடுங்கள்: பெயர், உறவுமுறை, அவருக்கான ஒரு வரி. வேர்டில் இணைத்தால் அட்டைக்கு அட்டை தானாக மாறும்.

முதல் இரண்டு காலமும் ஐந்து நிமிஷ வேலை. மூன்றாவதுதான் நேரம் எடுக்கும். “சித்தி, போன பொங்கலுக்குக் கொடுத்த முறுக்கு டப்பா இன்னும் எங்ககிட்டதான் இருக்கு” என்ற வரியை எந்த டெம்ப்ளேட்டும் தராது. ஆனால் சித்தி அந்த அட்டையை பீரோவில் எடுத்து வைப்பது அதற்காகத்தான்.