வேலைக்கு வருபவர் வீட்டு நாயை அடித்தால் என்ன செய்வது?

கனடாவில் வசிக்கும் மகள் ஒருவர், யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கும் தாயின் வீட்டில் இரண்டு கமராக்களைப் பூட்டியிருந்தார். ஒன்று படலையைப் பார்க்கும், மற்றது பின் விறாந்தையைப் பார்க்கும். தாய் விழுந்துவிட்டால் உடனே தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அவற்றைப் பூட்டினார். ஒரு நாள் இரவு வேலை முடிந்து வந்து கைபேசியைத் திறந்தபோது அவர் கண்டது வேறொன்று. அங்கே விடிந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண், சங்கிலியில் கட்டியிருந்த நாயைத் தும்புத்தடியால் இரண்டு மூன்று தடவை அடித்தார். தண்ணீர்ச் சட்டியைக் காலால் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போனார். நாய் குரைக்கவில்லை. சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

அந்தக் காட்சியை முகநூலில் போடவேண்டும் என்பதுதான் மகளுக்கு முதலில் வந்த எண்ணம். அந்தப் பெண்ணை உடனே வேலையிலிருந்து நிறுத்தவேண்டும் என்பது அடுத்தது. இரண்டையும் செய்யாமல் தாயை அழைத்தார். தாய்க்கு விடயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. "அவளும் போனால் எனக்கு ஆர் சமைச்சுத் தாறது பிள்ளை?" என்றுதான் அவர் கேட்டார்.

பெயர்களையும் ஊரையும் தவிர்த்து இந்தச் சம்பவத்தை எழுதுவதற்குக் காரணம், இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல என்பதுதான். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் பெரிய வளவில் தனியே, காவலுக்கும் துணைக்கும் ஒரு நாய், சமைக்கவும் கூட்டவும் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண். வடக்கில் இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. வேலைக்கு வரும் பெண் பெரும்பாலும் கணவனை இழந்தவராகவோ, கணவன் காணாமல் ஆக்கப்பட்டவராகவோ, நுண்கடன் கட்டிக்கொண்டிருப்பவராகவோ இருக்கிறார். முதியவர் அந்தப் பெண்ணை நம்பியிருக்கிறார். பெண் அந்தச் சம்பளத்தை நம்பியிருக்கிறார். நாய் இருவரையும் நம்பியிருக்கிறது. மூவரிலும் வாய் திறந்து முறையிட முடியாதது நாய் மட்டும்தான்.

முதலில் அடி நிற்கவேண்டும்

காரணம் என்னவாக இருந்தாலும், விசாரணை முடியும்வரை நாய் அடி வாங்கிக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கே செய்யவேண்டியது, அந்தப் பணியாளரையும் நாயையும் பிரிப்பது. அவர் வேலை செய்யும் நேரத்தில் நாயைப் பின்வளவில் வலையடித்த பகுதியிலோ, பூட்டக்கூடிய கொட்டிலிலோ விடலாம். அங்கே நிழலும் தண்ணீரும் இருக்கவேண்டும். சாப்பாடு வைப்பது, குளிப்பாட்டுவது, அவிழ்த்துவிடுவது ஆகிய வேலைகளை அயலவர் ஒருவரிடமோ உறவினரிடமோ மாற்றவேண்டும்.

சங்கிலியில் கட்டிவைப்பது தீர்வாகாது. கட்டிய நாய்க்கு விலகி ஓட இடமில்லை. பயந்த நாய் ஓட முடியாதபோது கடிக்கும். கடித்தால் மறுபடியும் அடி விழும்.

கமரா இல்லாத வீடுகளில் சந்தேகம் வேறு வழியில்தான் வரும். குறிப்பிட்ட ஒருவர் படலையைத் திறந்தவுடன் நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு ஒளிப்பது, யாராவது கையை ஓங்கினால் பதுங்குவது, பயத்தில் சிறுநீர் கழிப்பது, காரணம் தெரியாமல் நொண்டுவது, மெலிவது போன்றவை கவனிக்கவேண்டிய அறிகுறிகள். ஆனால் நோயும் இதே அறிகுறிகளைத் தரலாம். பழைய எசமானிடம் வாங்கிய அடியும், வெடிச்சத்தமும்கூட ஒரு நாயை இப்படி ஆக்கிவிடும். ஆகவே யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் நாயைக் கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும். பிரதேச மட்டத்தில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இருக்கின்றன. காயம் இருந்தால் திகதியோடு படம் எடுத்து, வைத்தியர் எழுதித் தரும் குறிப்பைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏன் அடித்தார் என்று கேட்கவேண்டும்

மேலே சொன்ன வீட்டில், மகளின் சித்தி நேரில் போய் அந்தப் பெண்ணோடு பேசினார். அப்போதுதான் ஒரு விடயம் வெளியே வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் நாய் அவருடைய கெண்டைக்காலில் கடித்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னபோது, அது விளையாட்டுக்குக் கடிக்கிறது என்று சொல்லி மஞ்சள் பூசிவிட்டிருக்கிறார். வைத்தியசாலைக்கு யாரும் கூட்டிப் போகவில்லை. நாய்க்கு அந்த வருடத் தடுப்பூசியும் போடப்பட்டிருக்கவில்லை. விசர் வந்து செத்துவிடுவேனோ, பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற பயத்தோடு அந்தப் பெண் பல வாரங்கள் அதே நாய்க்குச் சோறு வைத்திருக்கிறார்.

வீட்டுக்காரர்கள் அடியைக் கண்டார்கள். அதற்கு முந்திய கடியைக் காணவில்லை.

நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், கோப்பித்தூள் போன்ற எதையும் பூசக்கூடாது. தாமதிக்காமல் அரச வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அங்கே விசர்நாய்க்கடித் தடுப்பூசி இலவசம். கடித்த நாயைக் கொல்லாமல், துரத்திவிடாமல் 14 நாட்கள் அவதானிக்கவேண்டும். அந்த நாட்கள் கடந்தும் நாய் நலமாக இருந்தால் அந்தக் கடியால் விசர்நோய் வராது. இந்த ஒரு வார்த்தையை ஆரம்பத்திலேயே அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருந்தால் தும்புத்தடி உயர்ந்திருக்காமல் இருந்திருக்கலாம். வேலைக்கு ஒருவரைக் கூப்பிடுவதற்கு முன் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பது வீட்டுக்காரரின் கடமை.

வேறு காரணங்களும் இருக்கின்றன. எங்கள் மக்களுக்கு நாய் குரைப்பது வெறும் சத்தமல்ல. சுற்றிவளைப்புக் காலத்தில் இரவில் நாய்கள் விடாமல் குரைத்தால், ஒழுங்கைக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அப்படியான ஓர் இரவில் வீட்டிலிருந்து ஒருவரைப் பறிகொடுத்தவருக்கு அந்தக் குரைப்பு இன்றைக்கும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். அதை நிறுத்துவதற்காக அவர் எதையாவது எடுத்து எறியக்கூடும்.

இன்னொன்று, நாங்கள் பேச விரும்பாதது. நாய்க்கு இறைச்சியும் சோறும் பிசைந்து வைக்கும் சில வீடுகளில், அதைப் பிசைந்து வைப்பவருக்குத் தேத்தண்ணி தனிக் கோப்பையில்தான் கொடுக்கப்படுகிறது. நாய் வரவேற்பறையில் படுக்கும், அவர் குசினி வாசலோடு நிற்பார். சாதியின் பெயரால் தினமும் இந்தச் சிறுமையை அனுபவிப்பவரின் கோபம் வீட்டுக்காரர்மேல் போகமுடியாது. திருப்பிப் பேசாத ஒன்றின்மேல்தான் போகும்.

இவை எதுவும் அடியை நியாயப்படுத்தாது. நாய் சாதி பார்த்ததில்லை, சுற்றிவளைப்புக்கு வந்ததுமில்லை. ஆனாலும் காரணம் தெரியாவிட்டால் எதைத் திருத்துவது என்றும் தெரியாது. ஆளை மாற்றினாலும் அடுத்து வருபவரும் அதே இடத்தில்தான் நிற்பார்.

எப்படிப் பேசுவது?

வட்ஸ்அப்பில் குரல் பதிவாகத் திட்டி அனுப்பவேண்டாம். அயலவர் முன்னிலையிலும் வேண்டாம். நேரில், மரியாதையோடு, கண்டதை மட்டும் சொல்லுங்கள். "அக்கா, நேற்றுக் காலமை நாய்க்கு அடிச்சதைப் பார்த்தன். என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். கமரா எங்கே இருக்கிறது என்பதையும் மறைக்காதீர்கள். பணியாளருக்குத் தெரியாமல் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருப்பதே நம்பிக்கையைக் கெடுக்கும்.

பிறகு இரண்டு விடயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்று, நாய் சம்பந்தமான வேலை இனி உங்களுடையதல்ல. அதற்காகச் சம்பளம் குறையாது. மற்றது, இன்னொரு தடவை அடி விழுந்தால் வேலை தொடராது. முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொன்னால் அது மிரட்டல் ஆகிவிடும்.

பயத்தில் வீசிய அடியும், வேண்டுமென்றே செய்யும் கொடுமையும் ஒன்றல்ல. சுடுதண்ணி ஊற்றுவது, சூடு வைப்பது, நாட்கணக்கில் பட்டினி போடுவது, எச்சரித்த பின்னும் ஒளித்து அடிப்பது போன்றவற்றுக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கொடுக்கவேண்டியதில்லை. செய்த வேலைக்கான சம்பளத்தை முழுதாகக் கொடுத்து அனுப்பிவிடவேண்டும். அத்தோடு, வீட்டிலுள்ள முதியவரிடமும் தனியாகப் பேசுங்கள். கையில் கீறல், நீலம் பாரித்த தழும்பு, பணியாளர் வரும்போது அமைதியாகிவிடும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தன்னைவிட எளியதை மறைவில் வதைக்கும் ஒருவரிடம் படுக்கையில் கிடக்கும் ஒருவரை விட்டுவைப்பது ஆபத்து. சமைக்க ஆளில்லாமல் போய்விடும் என்ற பயத்தில் பல பெற்றோர் தங்களுக்கு நடப்பதையும் சொல்லமாட்டார்கள். ஆகவே அடுத்து யார் வருவார் என்ற ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டுக் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் விலங்குகளை வதைப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குற்றம். கொடூரமாக அடிப்பதும் பட்டினி போடுவதும் இதில் அடங்கும். பொலிஸ் நிலையத்தில் முறையிடலாம். ஆனால் அந்தச் சட்டம் விதித்த தண்டப்பணம் ஆகக்கூடியது 100 ரூபா. மூன்று மாதம்வரையான சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. இதற்குப் பதிலாகப் புதிய விலங்கு நலச் சட்டம் ஒன்றின் வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்தது. அது வருடக்கணக்கில் இழுபட்டது. விலங்கைக் கொல்வதும் நஞ்சூட்டுவதும் முடமாக்குவதும் தண்டனைச் சட்டக்கோவையின்கீழும் குற்றமாகும்.

வீட்டுப் பணியாளர் பக்கம் பார்த்தாலும் நிலைமை இதுதான். வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்வதற்கென 1871இல் ஒரு சட்டம் வந்தது. அவர்களின் உழைப்பைப் பாதுகாப்பது அதன் நோக்கமல்ல. 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் இயற்றப்பட்டபோதும் அவர்கள் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். ஆக, ஒரே வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கும் பணியாளருக்கும் சட்டம் போதிய துணையாக இல்லை. அவ்வீட்டில் நீதி என்பது வீட்டுக்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதிலேயே தங்கியிருக்கிறது.

காணொளியை என்ன செய்வது?

அதை அழிக்கவேண்டாம், பகிரவும் வேண்டாம். முறைப்பாடு செய்வதாக இருந்தால் பொலிஸாரிடம் கொடுக்கலாம். முகநூலில் போட்டால் சில மணித்தியாலங்களில் அந்தப் பெண்ணின் ஊரும் முகமும் பிள்ளைகளின் பாடசாலையும் வெளியே வந்துவிடும். திட்டுபவர்கள் அடுத்த நாள் வேறொன்றுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பிரதேசத்தில் பிறகு வேலை கிடைக்காது. நாய்க்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை.

யாழ்ப்பாணத்து அந்த வீட்டில் முறைப்பாடு செய்யவில்லை. சித்தி அந்தப் பெண்ணை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். கடித்து இத்தனை வாரமாகியும் நாய் நலமாக இருப்பதால் பயப்படத் தேவையில்லை என்று வைத்தியர் சொன்னார். நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டது. பின்வளவில் வலையடித்தார்கள். அயல் வீட்டுப் பெடியன் ஒருவன் காலையும் மாலையும் வந்து சாப்பாடு வைக்கிறான், அதற்கு அவனுக்கு ஒரு தொகை கொடுக்கப்படுகிறது.

இப்போது சில மாதங்கள் ஆகிவிட்டன. அந்தப் பெண் அங்கேதான் வேலை செய்கிறார். மறுபடி அடிக்கவில்லை. அவர் வலைப்பக்கம் வந்தால் நாய் இன்னும் எழுந்து மறு மூலைக்குப் போய்விடுகிறது. அவரும் நாயைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா மட்டும் பின்னேரங்களில் கதிரையை வலையோரமாக இழுத்துப் போட்டு அதோடு கதைத்துக்கொண்டிருக்கிறார்.