கேமரா இல்லாமல் பிடித்த மின்னல்

எங்கள் ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்தில் மின்னல் வெட்டினால் படகைக் கரையேற்றுவோம். ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ மின்னலை இருட்டறைக்கே வரவழைத்தார். கேமராவும் கிடையாது, லென்ஸும் கிடையாது. உலோகத் தகட்டில் ஃபிலிமை விரித்து, வான் டி கிராஃப் ஜெனரேட்டரின் 4,00,000 வோல்ட் மின்சாரத்தை அதன்மேல் பாய்ச்சினார். பொறி ஓடிய தடம் டெவலப்பரில் கறுக்கும். பிரிண்டில் வெள்ளைக் கிளையாகப் பிரியும்.

ஸ்டுடியோக்காரனான எனக்கு இது வேடிக்கைதான். வறண்ட காற்றில் ஃபிலிமை வேகமாக உருவினால் நிலைமின்சாரம் தட்டி இப்படித்தான் கறை விழும். எங்கள் ஏரிக்காற்றின் ஈரத்தில் அந்தத் தொல்லை குறைவு. நாங்கள் தூக்கியெறியும் கறையையே அவர் படமாக்கிவிட்டார்! உப்புநீரிலும் முயன்றார்; அந்தப் படங்களில் சொறிமீன் மாதிரி உருவங்கள் மிதக்கும்.

அவருக்கு முன்பே, 1939-இல் சோவியத் கண்டுபிடிப்பாளர் கிர்லியன் விரல்களை இப்படி மின்சாரத்தால் படமெடுத்தார். அதில் விரலைச் சுற்றித் தெரியும் ஒளியை ஆன்மா என்பார்கள் சிலர். ஆனால் விரலின் ஈரம் மாறினால் அந்த ஒளியும் மாறிவிடுகிறது.