மூடினாலும் முழிச்சிருக்கும்!

ஹாஸ்டல் மேஜையில பெரிய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் ரெடி. இடத்தை அடைக்குதேன்னு லேப்டாப் மூடியைச் சாத்தினா... பொசுக்குனு மானிட்டரும் இருட்டு! பயப்படாதீங்க பாஸ், அது தூங்கிடுச்சு, அவ்ளோதான்.

விண்டோஸா? கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போங்க. மூடியைச் சாத்தினா என்ன செய்யணும்னு கேட்கிற இடத்துல, ‘பிளக்டு இன்’ வரிசையில மட்டும் ‘டூ நத்திங்’ கொடுங்க. மேக்புக்னா, மானிட்டரோட சார்ஜர், கீபோர்டு, மவுஸும் இணைச்சிருந்தா போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வயர்களைப் பிடுங்கிட்டு, மூடின லேப்டாப்பை அப்படியே பையில திணிக்காதீங்க. உள்ளே அது முழிச்சுக்கிட்டே இருந்தா, காத்தோட்டம் இல்லாம சூடேறும், பேட்டரியும் காலி! வைவாவுக்குப் போய்த் திறந்தா, புராஜெக்ட்டுக்குப் பதிலா கறுப்புத் திரைதான் பல்லிளிக்கும். முதல்ல ஷட் டவுன், அப்புறம்தான் பை. சரியா?